இலையில் மீந்த ஜாங்கிரி

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு தங்கும் விடுதியில் கோதண்டராமன் மேனேஜர். பெரிய முதலாளி உயிரோடிருந்தவரை அந்த நாற்காலியில் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். முதலாளி காலமானதும் மகன் பிரகாஷ் பொறுப்புக்கு வந்தான். சென்னையில் இருந்தபடியே விடுதியை நடத்தினான். வரவேற்பு மேசைக்கு நேர்மேலே கேமரா மாட்டினான். அறையில் தங்கிப்போன யாராவது, சுடுதண்ணீர் வரவில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டால் போதும், உடனே போன் அடிக்கும்.

"இன்னாண்ணே, பாத்துக்கினுதானே இருக்கேன். கன்னத்துல கை வச்சுக்கினு உக்காந்திருக்கீங்க. தூக்கம் வருதா?"

"இல்ல தம்பி, கீசர்காரனுக்குச் சொல்லியாச்சு."

"சொல்லியாச்சு சொல்லியாச்சுன்னே ஓட்டுங்க. உங்க வயசுக்கு இந்த வேலை ஜாஸ்திதான் போல."

போனை வைத்ததும் கோதண்டராமனுக்குப் பசிக்கும். அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தாலும் பசிக்கும். படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் கேமரா கிடையாது. அங்கே போய் நின்றபடியே மிக்சர், முறுக்கு, கிரீம் பன் என்று எது வைத்திருந்தாரோ அதைத் தீர்ப்பார். ருசி தெரியாது. வாய் அசைந்துகொண்டிருக்கும்வரை பிரகாஷின் குரல் கேட்காது, அவ்வளவுதான்.

அது தனியாகத் தின்பது. அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை. சாயங்காலம் வேங்கிக்காலுக்கு வீடு திரும்பும்போது பார்சல் வாங்கிப்போவாரே, அதுதான் அவருக்குச் சாப்பாடு. மகள் கீர்த்தனா படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்த பழக்கம் அது. வண்டிச் சத்தம் கேட்டதுமே மனைவி சந்திரகலா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டுகளோடு வந்துவிடுவாள். பரோட்டா, பஜ்ஜி, சில நாள் ஆம்பூர் பிரியாணி. டி.வி. முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, விடுதிக் கதையும் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களின் கதையும் பேசி இருவரும் சாப்பிடுவார்கள். கடைசித் துண்டு யாருக்கு என்று சண்டைகூட வரும். மகள் இல்லாத வீட்டின் வெறுமையை அந்தப் பார்சல்தான் நிரப்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சந்திரகலாவுக்குத் தையல் மெஷின் முன்னாலேயே தலை சுற்றியது. எதிர்வீட்டு வினோதினிதான் ஸ்கூட்டரில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மறுவாரமே வினோதினியோடு கிரிவலப் பாதையில் விடிகாலை நடக்கத் தொடங்கிவிட்டாள். சாயங்காலப் பார்சலை அவர் பிரிக்கும்போது, "நீங்க சாப்பிடுங்க, நான் தோசை ஊத்திக்கிறேன்" என்றாள்.

அவளுக்கென்று வாங்கியதை என்ன செய்வது? அதையும் அவரே சாப்பிட்டார். நாளைக்கு ஒன்று மட்டும் வாங்கினால் போதும் என்று நினைப்பார். மறுநாள் கடைக்காரரிடம் வாய் தானாகவே இரண்டு என்று சொல்லும்.

சந்திரகலா இளைத்தாள். பழைய சுடிதார்களை எடுத்துப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். மலை பின்னால் தெரிய வினோதினியோடு எடுத்த படத்தை வாட்ஸப்பில் வைத்தாள். யார் யாரோ அதற்குப் பூ அனுப்பினார்கள். விடிகாலையில் தெருமுனை வரை கேட்கும் அவளுடைய சிரிப்பு கோதண்டராமனை எழுப்பியது. என்னோடு உட்கார்ந்து இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று படுக்கையில் கிடந்தபடி யோசித்தார். வினோதினியை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் தெருவில் வணக்கம் சொன்னால் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அடி அண்ணாமலையில் அவருடைய பங்காளி ஆதிமூலத்தின் வீட்டுக் கல்யாணம் வந்தது. பந்தியில் உட்காரும் முன்பே சொந்தக்காரப் பெண்கள் சந்திரகலாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆதிமூலம் இவருடைய தொந்தியைத் தட்டி, "இன்னாடா, அவ இளைச்சதெல்லாம் உனக்கு வந்துட்ச்சா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சந்திரகலாவும் சிரித்தாள்.

பந்தியில் உட்கார்ந்ததும் கோதண்டராமன் இலையில் விழுந்ததையெல்லாம் உள்ளே தள்ளினார். பக்கத்து இலையில் சந்திரகலா ஜாங்கிரியைப் பாதி பிட்டுத் தின்றாள். மீதியை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள். இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

பாதியைத் தின்று பாதியை விட ஒரு மனுஷியால் எப்படி முடிகிறது? கோதண்டராமனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் இளைத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பாதி ஜாங்கிரியைப் பொறுக்க முடியவில்லை. மூடிய இலையைத் திறந்து அதை எடுக்கக் கை போனது. எதிர்வரிசையில் யாரோ பார்ப்பது போலிருக்கவே டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாரம் மகளைப் பார்க்க வேலூர் போனார். பார்த்துவிட்டு நேரே திரும்பாமல் ஆற்காடு போய், சந்திரகலாவுக்கு உயிரான, பாகில் ஊறிய மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கினார். முகூர்த்த மாதம். ஜாக்கெட் துணிகள் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தன. கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி கை அளவு தப்பிவிட்டது என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார். ஃபிரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் தட்டிலேயே வைத்தார்.

"கீர்த்தனாவைப் பாக்கப் போனேன் இல்ல, வர்ற வழியில வாங்கினேன்" என்றார். ஆற்காடு வருகிற வழியில் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடுதியிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தார். சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. சந்திரகலா அதன் முன்னால் நின்று, முதுகைக் காட்டியபடி, ஒன்றை மென்று முடிக்கும் முன்பே அடுத்ததை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஏறக்குறைய காலி. விரலெல்லாம் பாகு. அவர் நினைத்திருந்தது வேறு. பழையபடி தட்டு எடுத்துவருவாள், இருவரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான் ஆசைப்பட்டிருந்தார். இவளோ, விரிப்பு அறையில் தான் நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தாள்.

"கலா..."

திரும்பினாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"எதுக்குங்க வாங்கினு வந்தீங்க? நான் துன்னலைன்னா உங்களுக்குக் கோவம். துன்னா எனக்கு பயம்."

"உன்னால ஒண்ணோட நிறுத்த முடியுமேன்னு..."

"யார் சொன்னது?"

"கல்யாணத்துல பாத்தேனே. பாதி ஜாங்கிரியை வச்சுட்டு எழுந்துட்ட."

சந்திரகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கை கழுவப் போன எடத்துல அந்தப் பாதியையே நெனச்சுக்கினு நின்னேங்க. வினோதினிக்கு போன் போட்டேன். வண்டியில ஏறுற வரைக்கும் ஏதாவது பேசிக்கினே இருடின்னு சொன்னேன். கிரிவலப் பாதையில பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது இப்பவும் அவ கையைப் புடிச்சுக்கினுதான் நடக்கறேன். எப்ப பசிக்குதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா, எனக்கு வயித்துல பசிக்கவே இல்லீங்க. யாராவது கத்திட்டுப் போனா பசிக்குது. கீர்த்தனா ரூம் இருட்டா இருந்தா பசிக்குது."

கோதண்டராமனுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்பாடா, இவளாலும் முடியவில்லை என்ற சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆற்காட்டுக்கு இதுக்குன்னேதான் போனேன் கலா. பொறாமையா இருந்துச்சு."

"யார் மேல? வினோதினி மேலயா?"

"அவ மேல, உன் மேல. எல்லார் மேலயும்."

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சர்க்கரை மறுபடி ஏறியிருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று மட்டும் வாசலில் நின்று, "நீங்களும் வாங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கட்டும்" என்றாள். எடுத்தார்கள். அவளைவிட இவருக்கு ஜாஸ்தியாக இருந்தது.

டாக்டரம்மா அவரையும் அதே கேள்வி கேட்டார். கோதண்டராமன் பிரகாஷைப் பற்றிச் சொன்னார், கேமராவைப் பற்றிச் சொன்னார், விரிப்பு அறையைப் பற்றிச் சொன்னார். அந்த அறையைச் சந்திரகலா கேள்விப்படுவது அன்றுதான் முதல் தடவை. வெளியே வந்ததும், "இவ்ளோ நாளா என்கிட்ட சிரிச்சுக்கினு சொன்னதெல்லாம் பாதிக் கதைதானா?" என்று கேட்டாள்.

இப்போது பிரகாஷ் திட்டி முடித்ததும் அவர் சந்திரகலாவுக்கு போன் போடுகிறார். சில நாள் அதில் பசி அடங்குகிறது. சில நாள், பேசி முடித்துவிட்டு பன்னையும் தின்கிறார். தின்ற அன்று தின்றேன் என்று சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான் சந்திரகலா போட்ட கட்டளை.

விடிகாலையில் அவரும் கிரிவலப் பாதைக்குப் போகிறார். முன்னால் சந்திரகலாவும் வினோதினியும் வீசி நடக்கிறார்கள். இவர் மூச்சு வாங்கப் பின்னால் வருகிறார். ஏதோ சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இவருக்கு உள்ளே சுருக்கென்கிறது.

"இன்னாத்துக்கு சிரிக்கறீங்க? சொல்லிட்டுப் போங்களேன்!"

"வந்து கேட்டுக்கங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சந்திரகலா சொல்கிறாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோதண்டராமன் எட்டி நடை போடுகிறார்.