பொலித்தீன் சுற்றிய ஸ்பிரிங்குகள்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள். நான் இருக்கும் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் பனிக்காலத்தில் தெருவுக்கு உப்பிடுகிறவர்களை நான் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நினைத்துக்கொண்டே இருப்பேன், நல்ல வார்த்தைகளால் அல்ல. அந்த உப்பு பனியை உருக்குவது உண்மை. உருகிய தண்ணீரோடு காரின் அடியில் ஏறியிருந்து இரும்பைத் தின்பதும் உண்மை.

என்னுடைய கார் மற்றக் கார்களைவிடத் தரையோடு பதிந்தது. அதனோடு வந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் திருகுப் புரி வெட்டிய ஓர் உருக்குக் குழாய், அதில் ஓர் அலுமினிய வளையம், அதன் மேல் ஸ்பிரிங். வளையத்தை மேலே திருகினால் கார் உயரும், கீழே திருகினால் பதியும். நான் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற பெண். கல்யாண வீடுகளில் "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கார்?" என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒருமுறை ஏற்றிக்கொண்டு போய் நாலு வளைவில் ஓட்டிக் காட்டுவேன். பிறகு கேட்கமாட்டார்கள்.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். கோவிலுக்கும் கடைக்கும் அந்தக் காரில்தான் வருவார். பனிக்காலக் கடைசியில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சிகிச்சை முடிந்து பயிற்சி நிலையத்திலிருந்து வீட்டுக்கு விடும் கிழமையில், அங்கிருந்த பயிற்சியாளர் பெண் அளவு நாடாவோடு வந்து என் கார் இருக்கையை அளந்தாள். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, அம்மா தாழ்வாக உட்காரக்கூடாது. இருக்கையில் கிடந்த மெல்லிய மெத்தையோடும் உயரம் மூன்று சென்ரிமீற்றர் குறைகிறது என்றாள். தடித்த மெத்தை வைத்தால் தலை கூரையில் முட்டும், அம்மா நல்ல உயரம்.

அண்ணாவுக்குச் செய்தி போனது. அவர் நொஷாட்டல் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறார், பெரிய வான் வண்டி வைத்திருக்கிறார். உடனே தொலைபேசியில் வந்தார்.

"கிழமைக்கு மூண்டு தரம் பயிற்சிக்கு ஏத்தி இறக்கவேணும். அந்த மண்ணோடை ஒட்டின காரிலையோ? நான் அம்மாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வாறன்."

"காரை நான் உயர்த்துவன். ஒரு மணித்தியாலம் காணும் எனக்கு."

"சரி, சனிக்கிழமை வானோடை வாறன். அந்தப் பயிற்சிப் பிள்ளை அளந்து சரி எண்டால் அம்மா உன்னோடை. இல்லையெண்டால் என்னோடை."

ஓம் என்றேன். நொஷாட்டலுக்குப் போனால் ஆறு கிழமை ஆறு மாதமாகும், பிறகு அங்கேயே நின்றுவிடுவார் என்று எனக்குப் பயம். அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது, ஏறுவதற்குப் படிகள் இல்லை. என் வீட்டில் நான் மட்டும்தான். அம்மாவை அனுப்ப எனக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆகவே காரைப் பற்றிச் சண்டை பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வேளைக்கே கிளம்பி, நாமே வேலை செய்துகொள்ள இடம் வாடகைக்கு விடும் கராஜ் ஒன்றில் காரைத் தூக்கி நிறுத்தினேன். முதல் சில்லைக் கழற்றியதும் நவம்பரில் நான் செய்த கெட்டித்தனம் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. உப்பு படாதிருக்க, நாலு ஸ்பிரிங் குழாய்களுக்கும் சமையலறைப் பொலித்தீனைச் சுற்றிக் கறுப்பு ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டியிருந்தேன்.

எங்கள் ஆட்களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ரிமோட் பொலித்தீனுக்குள் இருக்கும். புதுச் சோபாவின் உறை பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கழலாது. எதையாவது பாதுகாக்க வேண்டுமென்றால் எங்கள் கை தானாகவே பொலித்தீனைத் தேடும். தினமும் உலோகத்தோடு பழகுகிற நான்கூட அதைத்தான் செய்தேன். உப்புத்தண்ணீர் ஒட்டுநாடாவின் மேல் விளிம்பால் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. இறங்கியது வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்காக அங்கேயே ஊறியிருந்தது. வெட்டிப் பிரித்தபோது பழுப்புத் தண்ணீர் என் சட்டைக் கைக்குள் ஓடியது. அலுமினிய வளையங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துப் புரியோடு இறுகியிருந்தது. வளையம் திருகும் சாவியை மாட்டி முழுப் பலத்தோடு இழுத்தேன். அசையவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

என்னை நானே நல்ல தமிழில் ஏசினேன். பிறகு யோசித்தேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். நெருப்புக் காட்டினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெயும் ரப்பரும் கெட்டுவிடும், அது வேண்டாம். சுடுதண்ணீர் போதும். உப்பு கரையும், அலுமினியம் உருக்கைவிட அதிகமாக விரியும். கராஜ்காரரின் தேநீர்க் கேத்தலை வாங்கினேன். பித்தளைத் தூரிகையால் புரியைத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றி, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். ஆறாவது கேத்தலில் முதல் வளையம் கிறீச்சென்று நகர்ந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்று முடிந்தன. நாலாவது முன் வலப்பக்கம், அம்மா ஏறும் பக்கம். அதுதான் மோசம். சாவி இரண்டு தடவை வழுக்கி என் விரல் மூட்டுகளைத் தோலுரித்தது. இடையில் அண்ணா தொலைபேசியில் வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடியுது."

"ஒரு மணித்தியாலம் எண்டாய்."

"சாயந்தரம் முழுக்க எண்டு சொன்னால் நீங்கள் வானோடை இப்பவே வெளிக்கிட்டிருப்பீங்கள்."

அவர் சிரித்தார். கராஜ் பூட்ட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது நாலாவதும் விட்டுக்கொடுத்தது. கார்ப் பத்திரத்தில் எழுதியுள்ள உயர எல்லையைத் தாண்டாமல் மூன்றரை சென்ரிமீற்றர் உயர்த்தினேன். புரிகளைக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, மெழுகு கலந்த எண்ணெய் அடித்து, உறை எதுவும் இல்லாமல் விட்டேன். காற்றும் நல்ல தண்ணீரும் படவேண்டும், அவ்வளவுதான். இனிப் பனிக்காலத்தில் கிழமைக்கொரு தடவை அடியைக் கழுவுவேன். சனி காலையில், உயரம் மாறியதால், சில்லுகளின் கோணத்தையும் முன் லைற்றுகளையும் சரிசெய்வித்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனேன்.

அண்ணா எனக்கு முன்னமே வந்து வானின் கதவைத் திறந்து வைத்திருந்தார். பயிற்சியாளர் அளந்தாள். அதே மெல்லிய மெத்தையோடு சரியாக வந்தது. அம்மா முதுகுப் பக்கமாக மெல்ல உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தார். அண்ணா அம்மாவின் பெட்டியோடு நின்றார். மகனை அம்மா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, பெட்டியை இதுக்குள்ளை வை. கோவிக்காதை."

அவர் வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் வென்றுவிட்டேன், ஆனால் அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெருவில் ஏறியதும் கேட்டேன்.

"உண்மையாச் சொல்லுங்கோ அம்மா. அண்ணா வீட்டை போக விருப்பமோ?"

அம்மா வளைவைப் பார்த்துக் கதவுக் கைபிடியைப் பிடித்தார். முதல் வளைவில் கார் முன்னைப்போல் ஒட்டிப் போகாமல் சற்றே சாய்ந்தது.

"ஆறு கிழமை முடியட்டும்" என்றார். பிறகு போவதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"முடிஞ்ச கையோடை இந்தக் காரைப் பழையபடி பதிச்சுவிடு. இப்பிடி பஸ்ஸிலை போற மாதிரி எத்தினை வருஷத்துக்கு நான் உன்னோடை ஓடித் திரியிறது?"