மகளின் இமையும் சகலையின் பட்டறையும்

ஸ்டுடியோக்காரருக்கு இருபது வருடமாக ஒரே பகை, கண் சிமிட்டல். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர் எந்த நொடியில் இமைப்பார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு, "மூணு" சொல்லாமலே அமுக்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய ஆறு வயது மகள் இரண்டு மாதமாகப் படபடவென்று கண்ணைச் சிமிட்டினாள்.

சாப்பாட்டு மேஜையில் எண்ணுவார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. "சிமிட்டாதம்மா." நாற்பத்தாறு.

"அவளச் சாப்பிட விடுங்களேன்," என்பாள் மனைவி. "என் தங்கச்சி வீட்டுல நல்லாத்தான இருக்கா."

அந்தப் பேச்சுதான் அவரைக் குடைந்தது. பள்ளி விட்டால் குழந்தை அந்த வீட்டில்தான். கீழ்த்தளத்தில் சகலையின் பட்டறை, வாஷிங் மெஷின் ரிப்பேர். ஒருநாள் சீக்கிரமே கூப்பிடப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். குழந்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஸ்க்ரூக்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இமைகள் சாதுவாக இருந்தன. அப்பாவைப் பார்த்ததுதான் தாமதம், படபடப்பு தொடங்கிவிட்டது.

பெற்றவன் முன்னால் ஆடுகிற கண், சட்டையில் கிரீஸ் துடைக்கிறவன் முன்னால் அடங்கிக் கிடக்கிறது.

"என்ன சகலை, எம் பொண்ணுக்கு என்ன சொக்குப்பொடி போட்டீங்க?" என்றார் சிரித்தபடி. சிரிப்பு பல்லோடு நின்றது.

"நம்மகிட்ட ஏதுண்ணே அதெல்லாம், சோப்புப்பொடிதான் இருக்கு."

கண் டாக்டர் பார்வை, வறட்சி, அலர்ஜி, உள்நோக்கி வளர்ந்த இமைமுடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கோளாறு ஒண்ணும் தெரியல. குழந்தைங்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். கண் சிவந்தாலோ, முகம் கழுத்துன்னு வேற எங்கயாவது இழுக்குற மாதிரி இருந்தாலோ கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் அதப் பத்திப் பேசாதீங்க. உத்துப் பார்க்குறது தெரிஞ்சாலே கூடும். வீட்டுல யாரு அப்படிப் பார்க்குறா?"

மனைவி சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தாள்.

ஒரு வாரம் வாயைக் கட்டினார். கண்ணைக் கட்ட முடியவில்லை. கடைசியில் மானத்தை விட்டுப் பட்டறைக்குப் போனார்.

"அவகிட்ட என்னதான் பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. நான் மெஷினப் பார்ப்பேன், அவ ஸ்க்ரூவப் பார்ப்பா."

"மூஞ்சியப் பார்க்கவே மாட்டீங்களா?"

"வேலை நேரத்துலயா?"

கிளம்பலாம் என்றபோது குழந்தை தலையைக்கூடத் தூக்கவில்லை. "நான் சித்தப்பாகூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

சுருக்கென்றது. ஆனாலும் அவர் போகவில்லை. மகளுக்கு முதுகைக் காட்டி, திறந்து கிடந்த மெஷின் பக்கமாகச் சகலையின் அருகில் குந்தினார். டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தார்.

"பெருசு ஒண்ணு குடும்மா," என்று கையைப் பின்னால் நீட்டினார், திரும்பாமலே.

முதல் ஸ்க்ரூ சித்தப்பாவின் கைக்குப் போனது. இரண்டாவதும் போனது. அவர் பின்னால் நீட்டிய கையை மடக்கவில்லை.