வடிகாலோரத்துப் பச்சை ஆப்பிள்

நாற்றுப்பண்ணையில் எல்லாரும் அவளை ஒட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மரத்தின் கிளையை இன்னொரு கன்றில் ஒட்டுக் கட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. பண்ணை அப்பா விட்டுப்போனது. அண்ணன் முதலாளியானான், கல்யாணமாகாத தங்கை வேலையாளானாள்.

பழம் பொதியும் கொட்டகைக்குப் பின்னால், வடிகாலோரத்தில் ஒரு ஆப்பிள் கன்று முளைத்திருந்தது. யாரோ வீசிய அழுகல் பழத்தின் விதையாக இருக்கும்.

"பிடுங்கிப் போடு. விதைக்கன்னு உருப்படியா காய்க்காது" என்றான் அண்ணன்.

அவள் பிடுங்கவில்லை. மரம் துடைப்பத்தை நட்டுவைத்த மாதிரி நெட்டுக்குத்தலாக வளர்ந்தது. ஆறு வருடம் பூவே இல்லை. கிளைகளைக் கயிற்றால் இழுத்துப் படுக்கையாகக் கட்டினாள். மறுவருடம் காய்த்தது. பழுத்தும் பச்சை மாறாத பழம். கடித்தால் நறுக்கென்றது; முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு. ஒன்றை நறுக்கி அண்ணனுக்குக் கொடுத்தாள். அவன் முழுவதையும் தின்றுவிட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

புது ரகங்களைப் பதிவு செய்யும் அதிகாரி வந்தார். கிளை எப்படிப் போகும், எப்போது பூக்கும் என்று அவர் கேட்டதற்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். ரகம் எப்படி வந்தது என்று கேட்டபோது அண்ணன் முந்திக்கொண்டான்.

"பன்னெண்டு வருஷ உழைப்பு சார். ரெண்டு ரகத்தைச் சேர்த்து நானே உண்டாக்கினேன்."

ரகத்துக்குத் தன் மகள் பெயரை வைத்தான். அவள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "நீ பிடுங்கச் சொன்ன மரம்தானேண்ணே அது?"

"குப்பையில முளைச்சதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது, என்னுது?"

அண்ணி குழம்பை ஊற்றியபடி சொன்னாள்: "அது என்ன நீ பெத்த பிள்ளையா, உரிமை கொண்டாட?"

அவள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

விற்பனைத் தாளில் அண்ணன், 'பராமரிப்பே தேவையில்லை' என்று அச்சடித்தான். கிளையை வளைத்துக் கட்ட வேண்டும் என்று அவள் சொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஒட்டுக் கட்டிய கன்றுகளை ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்தாறு வருடம் கழித்து, வாங்கியவர்கள் பண்ணை வாசலில் கூடிக் கத்தினார்கள். மரங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, ஒரு காய் இல்லை.

அண்ணன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். "போய் எல்லாருக்கும் கட்டிக் குடுத்துட்டு வந்துடும்மா. மானம் போகுது."

"யாரு மானம்?"

தப்பு செய்துவிட்டேன் என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு நாள் அசையாமல் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள், அந்த மரங்கள் அப்படி நிற்பதை நினைக்கப் பொறுக்காமல் கயிற்றுக்கட்டோடு கிளம்பினாள்.

முதல் தோட்டக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "உங்க முதலாளி கில்லாடிதான். பன்னெண்டு வருஷமாமே!"

"அது வடிகால் ஓரத்துல தானா முளைச்சதுங்க. நான்தான் வளர்த்தேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி சரி, பேசிக்கிட்டே கட்டும்மா. இன்னும் ரெண்டு வரிசை கிடக்கு."

அவள் அடுத்த கிளையைப் பிடித்தாள். முறியப்போகிற அளவுக்கு இழுத்தாள். பிறகு கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.