டங்கக்காவின் கையெழுத்து

பாலத்துக்கு அடியில் முட்டிபோட்டு, இரும்புத் தகட்டில் காதை வைத்து, சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் ஒன்று போடுகிறார். "டங்." நகர்ந்து அடுத்ததற்கு ஒன்று. "டங்." "உனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கே" என்று பாராட்டு வேறு. முப்பது மாடி ஆழத்தில் ஆறு நூலாகக் கிடக்கிறது. தலைக்கு மேல் நெடுஞ்சாலையில் லாரி போனால் அவர் நிற்கும் நடைபலகையே குலுங்கும். போல்ட்டைத் தட்டிப் பார்ப்பதே வேலையான டங்கக்கா அசையமாட்டார்.

இதே டங்கக்கா வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறமாட்டார். "கீழ தரை தெரியுதுல்ல, அதான் பயம்" என்கிறார். இந்த விஞ்ஞானத்தை மறுக்கத் துணிவில்லாத கணவர்தான் பல்பு மாற்றுகிறார். கணவர் பஸ் டிரைவர். தினம் ஆறு தடவை அந்தப் பாலத்தின் மேல் போய் வருகிறவர்.

பதினெட்டு வருடமாகத் தட்டிப் பார்த்த பழக்கம் லேசில் போகுமா? பாத்திரக் கடைக்காரர் இவர் தலை தெரிந்ததுமே பீங்கானையெல்லாம் உள்ளே வைத்துவிடுகிறார். கணவருக்கு நெஞ்சில் சளி கட்டியபோது, டாக்டருக்கு முன்பே இவர் முதுகைத் தட்டிக் கேட்டுவிட்டார். சுத்தியலால் அல்ல என்று இரு தரப்பும் உறுதி கூறுகின்றன.

போன மாதம் பழுதுபார்த்து முடிந்த பாதிப் பாலத்தைத் திறக்க இவர் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து நடுத்தூணுக்கு மேலே ஒரு போல்ட் "டொக்" என்றது.

"அக்கா, ஸ்பேனர் போட்டுப் பாத்தாச்சு, கல்லு மாதிரி இறுகியிருக்கு. போடுங்க கையெழுத்து" என்றார் இன்ஜினியர்.

"இறுகித்தான் இருக்கு தம்பி. உள்ள விரிசல்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லுச்சே."

ஒரு போல்ட்டின் வாக்குமூலத்தை எந்த ஃபைலில் வைப்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆறு நாள் வண்டிகள் மீதிப் பாதியில் ஒற்றை வரிசையாக ஊர்ந்தன.

"உன்னால தினம் ஒரு மணி நேரம் லேட்டு. பஸ்ல ஏறுறவன் இறங்குறவன் எல்லாம் என்னைத் திட்டுறான்" என்றார் கணவர்.

"திட்டுறதுக்கு உசுரோட இருக்கான்ல, சந்தோஷப்படுங்க."

'நாளைக்குள் கையெழுத்து இல்லையேல் வேலை இல்லை' என்று மெமோ வந்தது. டங்கக்கா அதைப் படித்து, மடித்து, சுத்தியல் பிடியில் சுற்றிக்கொண்டார். பிடி வழுக்கவில்லையாம்.

ஏழாம் நாள் தலைமை அதிகாரியே நேரில் வந்தார். கூட்டங்களில் சிங்கம். நடைபலகையில் இரண்டு பக்கக் கம்பிகளையும் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"கழட்டச் சொல்லுங்க சார். நல்லாயிருந்தா நானே வீட்டுக்குப் போயிடறேன்."

ஸ்பேனர் மூன்று சுற்று சுற்றியது. போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்தது. உடைந்த இடத்தில் முக்கால்வாசி பழைய துரு. அந்த வரிசையையே பிரித்தார்கள்; இன்னும் நான்கில் விரிசல். நால்வரும் இந்த ஆறு நாளில் "டொக்" என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டவர்கள்தான். பாலத்துக்குப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தவர்கள் அடித்த விசில் பள்ளத்தாக்கின் அந்தக் கரைவரை போய்த் திரும்பி வந்தது. இன்ஜினியர் குனிந்து தன் ஸ்பேனரைப் பார்த்தார். அதிகாரி சுத்தியல் பிடியிலிருந்த மெமோவைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே கிழித்து ஆற்றில் விட்டார்.

அதற்காகக் கம்பியைவிட்ட பிறகுதான் அவருக்குத் தான் நிற்கும் உயரம் ஞாபகம் வந்தது. கால் நகரவில்லை.

"ஏம்மா... இந்தப் பலகை உறுதிதானே?"

டங்கக்கா குனிந்து, அவர் காலுக்கு முன்னாலிருந்த போல்ட்டில் ஒன்று போட்டார். "டங்."

அதிகாரி ஒரு அடி எடுத்துவைத்தார். நின்றார். அடுத்த போல்ட்டுக்காகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.