கைத்துண்டு மடிக்கும் நேரம்

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கும் ப்ளே ஸ்கூலில் வியாகுலம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'உதவியாளர்' என்றிருக்கும். பெற்றோர்களுக்கு ஆயாம்மா. பிள்ளைகளுக்கு முழுப்பெயர் வாயில் நுழையாது, 'யாகும்மா' என்பார்கள். அவளையே கேட்டால், "துண்டு மடிக்கிறேங்க" என்பாள்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு கைத்துண்டுகள். எழுத்து தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ஒரு படம் தைத்திருக்கும்: குடை, மீன், கத்திரிக்காய், ஆட்டோ. முதல் நாள் துவைத்துக் காயப்போட்டதை மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூடத்தின் நடுவில் கொட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவாள். யாரையும் கூப்பிட மாட்டாள். அழுகிற பிள்ளையிடம்கூட 'அழாதே' என்று சொல்ல மாட்டாள். சொன்னால் மட்டும் நின்றுவிடுமா என்ன? கூடையை அதன் பக்கமாக நகர்த்திக்கொண்டுபோய் அங்கே மடிப்பாள். கொஞ்ச நேரத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கை நீளும்.

முனையோடு முனை வைத்து இரண்டாக, பிறகு நான்காக. கோணலாக மடித்தால் திருத்த மாட்டாள், அப்படியே அடுக்கில் வைப்பாள். அடுக்கு சரியும். மடித்த பிள்ளையே அதை எடுத்து மறுபடி மடிக்கும். இது யார் துண்டு, இன்னும் எத்தனை மீதி, இன்றைக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். பக்கத்து அறையில் லிசி டீச்சர் படஅட்டைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டித் தொண்டை கட்டிக்கொண்டதற்குப் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாதி என்றால் என்ன, கால் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது துண்டில்தான்.

வியாகுலம்மாள் லால்குடிப் பக்கம் பிறந்து, எட்டாவதோடு நின்று, இன்னாசிராஜுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாலக்கரைக்கு வந்தவள். பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடித்தாள். அங்கே மிஷின் வந்தது, இவள் இங்கே வந்தாள். அதுவும் ஆயிற்று பன்னிரண்டு வருஷம். சொந்தப் பிள்ளை இல்லை. அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால், "நாப்பத்திரெண்டு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாள்.

போன வருஷம் பள்ளியில் கேமரா வைத்தார்கள். எங்கிருந்தாலும் உங்கள் குழந்தையைப் பார்க்கலாம் என்று வாசலில் பேனர். படம் மட்டும்தான், சத்தம் வராது. பெற்றோர்கள் ஒரு வாரம் ஆசையாகப் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். சிவசங்கர் மறக்கவில்லை. ராஜகோபுரத்துப் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன். மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் ஆபீஸ், இன்னொன்றில் மூன்றரை வயது மகள் தேவதர்ஷினி.

மகள் தினமும் தரையில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளின் துண்டை மடிப்பதை அவன் அந்தத் திரையில் கண்டான். ஒரு வாரம் எண்ணிக் குறித்தான். திங்கள் பதினொன்று, செவ்வாய் பதினான்கு. நேரம் தெரிகிற மாதிரி ஆறு படங்கள் எடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டு, இது ப்ளே ஸ்கூலா லாண்டரியா என்று கேட்டான். சாயங்காலத்துக்குள் முப்பது பேர் கொதித்தெழுந்தார்கள். அதில் இரண்டு பேருடைய பிள்ளைகள் போன வருஷமே வேறு பள்ளிக்குப் போய்விட்டவர்கள்.

பள்ளியை நடத்தும் சுபஸ்ரீ மேடம் மறுநாளே நடவடிக்கை எடுத்தார். துண்டுகள் பின்கட்டுக்குப் போயின. அங்கே கேமரா இல்லை, பிள்ளைகளும் இல்லை. முன்பெல்லாம் ஒன்றேகால் மணி நேரம் ஆகிற வேலையை வியாகுலம்மாள் தனியாக இருபது நிமிஷத்தில் முடித்தாள். வெள்ளிக்கிழமை சிவசங்கர் நேரில் வருகிறார், அவர் சமாதானமாகவில்லை என்றால் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மேடம் அவளிடம் சொல்லிவிட்டார். பெருக்கித் துடைக்கிற வேலை எங்கேயும் கிடைக்கும், அதற்கு அவள் பயப்படவில்லை. பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். ஐம்பத்துநான்கு வயதில் எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளும்? அந்த வாரம் முழுக்க வீடு திரும்புகிற பஸ்ஸில் அழுதாள். பாலக்கரையில் இறங்கும்முன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சிவசங்கர் லேப்டாப்போடு வந்து, மேடத்தின் அறையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். வியாகுலம்மாள் ஓரமாக நின்றாள். பெற்றோர்களிடம் ஆயாக்கள் பேசக்கூடாது என்பது பள்ளியின் விதி. கேட்டில் 'டாட்டா' சொல்லலாம். பன்னிரண்டு வருஷமாக அவள் டாட்டா மட்டும்தான் சொல்லிவந்தாள். ஆறாவது படத்துக்கு வந்தபோது சிவசங்கர் லேப்டாப்பை மேடத்தின் பக்கம் திருப்பினான்.

"என் பொண்ணு பேச மாட்டா மேடம். போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கற தைரியத்துலதானே அவளை உக்கார வெச்சு வேலை வாங்குறீங்க?"

வியாகுலம்மாளுக்கு விதி மறந்துபோயிற்று.

"யாரு சார் பேசாது? பாப்பாவா?"

வீட்டில் 'வேணும்', 'வேணாம்', அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது என்று அவன் சொன்னான். டாக்டர் பார்த்தாயிற்று, காதில் குறையில்லை, நாலு பிள்ளைகளோடு பழகவிட்டுப் பாருங்கள் என்றாராம். கேட்கக் கேட்க வியாகுலம்மாள் வாயைப் பிளந்தாள். அது வீட்டிலும் இப்படித்தான் வாயடிக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். குளியலறைப் பல்லி முட்டை போட்டது, அம்மா அனுசுயாவின் ஸ்கூட்டர் ஹாரனுக்கு ஜலதோஷம் பிடித்தது, முக்கொம்பில் குரங்கு முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு போனது என்று துண்டு மடிக்கும்போது பாப்பா தன்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னாள். முக்கொம்புக்குப் போனது வீட்டார் மூன்று பேர் மட்டும்தான். சிவசங்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

லிசி டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தங்கமான பிள்ளை, 'ஃபிங்கர் ஆன் லிப்ஸ்' என்றால் உதட்டில் வைத்த விரலை எடுக்கவே எடுக்காது என்று டீச்சர் பெருமையாகச் சொன்னாள். பேசி மட்டும் கேட்டதில்லையாம். பிறகு அந்த ஆறு படங்களையும் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார்கள். கேமரா உத்தரத்தில் இருந்தது. தர்ஷினியின் உச்சந்தலையும் இரண்டு ரிப்பன்களும் துல்லியமாகத் தெரிந்தன. வாய் தெரியவில்லை.

"நீங்களே வந்து உக்காந்து மடிங்க சார். அது பேசும்," என்றாள் வியாகுலம்மாள்.

பாதிக் கூடைத் துண்டுகள் கூடத்துக்கு வந்தன. சிவசங்கர் பேண்ட்டோடு சம்மணம் போட முயன்று, முடியாமல், ஒரு காலை நீட்டி உட்கார்ந்தான். தர்ஷினி வந்து வியாகுலம்மாளின் முழங்காலை ஒட்டி அமர்ந்து, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடிக்கத் தொடங்கினாள். ஐந்து துண்டு ஆயிற்று. பத்து ஆயிற்று. பேச்சு மூச்சைக் காணோம். இன்றைக்குப் பார்த்து இது வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை தனக்கு இங்கே இடமில்லை என்று வியாகுலம்மாளுக்குத் தெரியும். 'பேசு கண்ணு' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

பதினாறாவது துண்டில், தலையை நிமிர்த்தாமலே, தர்ஷினி கேட்டாள்.

"அப்பா, இப்ப மீட்டிங் இல்லல்ல? பேசலாமா?"

சிவசங்கரின் கை அப்படியே நின்றது. காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மகள் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறவன் அவன். சிரித்துக்கொண்டேதான் காட்டுவான். அவளோ சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மடிங்க சார்," என்றாள் வியாகுலம்மாள், மெதுவாக. "பாப்பா கேக்குதுல்ல, பதில் சொல்லுங்க."

"பேசலாம்டா தங்கம்," என்றான். கையில் இருந்த துண்டை மடித்து முடித்தான்.

தர்ஷினி பல்லியில் ஆரம்பித்தாள். கதவோரம் நின்றிருந்த சுபஸ்ரீ மேடம் குரங்கு வரைக்கும் கேட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய், மீதிக் கூடையைத் தானே தூக்கிவந்து கூடத்தில் கவிழ்த்தார்.