வழுக்குப்பாறையில் நான் உட்கார்ந்த காரணம்

மதுரைக் கல்லூரியொன்றில் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மாணவர் முன் ஒருபோதும் தடுமாறியதில்லை. சென்ற ஆண்டு, டி. கல்லுப்பட்டிக்கு அப்பாலுள்ள குன்றில், கற்கால மக்கள் கருவிக்குக் கல்லெடுத்த இடத்தைத் தேடினேன். முன்னாள் மாணவர்களை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தனியே ஏறினேன். கருவிக்காக அக்காலத்தவர் சில்லு பெயர்த்த கல்லொன்று கிடைத்தது. அதைக் கையில் பிடித்தபடி இறங்கும்போது, வழுக்குப்பாறையின் நடுவில் அடுத்த அடி வைக்க முடியாமல் நின்றுவிட்டேன். வலப்புறம் பெரும்பள்ளம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் கத்தினார்: "கல்லைப் போட்டுட்டு, உக்காந்து சறுக்கி வாங்க சார்!"

"கீழே என் மாணவர்கள் பார்க்கிறார்களம்மா."

"விழுந்தாலும் பாக்கத்தான செய்வாக!"

கல்லை விட்டேன். அது பள்ளத்தின் அடியில் மோதிய ஓசை மிகத் தாமதமாகவே கேட்டது. உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி, அழுதுகொண்டே சறுக்கினேன்.

பாறையை ஆராயவே நான் உட்கார்ந்ததாக மாணவர்கள் இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அது உண்மையன்று. அச்சத்தால் உட்கார்ந்தேன்.