சீன சிம்ப்ளக்ஸும் என் பி.ஏ. படிப்பும்

1. சிவப்பு லைட்

பச்சை பட்டனை அழுத்தியதும் சிம்ப்ளக்ஸ் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. சிவப்பு லைட் எரிந்தது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடி அதே உறுமல், அதே சிவப்பு.

பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, முதலாளி கையால் ஓட ஆரம்பிக்க வேண்டிய மெஷின் அது. முதலாளி பக்கத்தில் நின்ற மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கயிறு மாதிரி வருகிற பஞ்சு ஸ்லைவரை இழுத்து, மெல்லிய திரியாக்கி, லேசாக முறுக்கி, பாபின் என்ற குழலில் சுற்றுவது சிம்ப்ளக்ஸ். அந்தத் திரிதான் பிறகு ஸ்பின்னிங்கில் நூலாகிறது. சிம்ப்ளக்ஸ் நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். வேடசந்தூர் ரோட்டில் இருந்த எங்கள் மில்லுக்குச் சீனாவிலிருந்து வந்திறங்கிய முதல் மெஷின் இது. அதைப் பூட்டி நிறுத்துகிற எரெக்ஷன் வேலைக்கு லியூ என்ற எஞ்சினியரும், அவர் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல லின் என்ற இளைஞரும் வந்திருந்தார்கள். லின் சொல்லும் இங்கிலீஷை ஃபிட்டர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அதற்காகத்தான் பி.ஏ. வரலாறு படித்த என்னை எரெக்ஷன் கேங்கில் சேர்த்திருந்தார்கள். எஞ்சினியரிங் படித்தவர்கள் இருந்தார்கள். இங்கிலீஷ் என்றால் ஒதுங்கிக்கொண்டார்கள்.

எனக்கு டிரெயினிங் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. மேனேஜர் நெய்க்காரப்பட்டிக்காரர், எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையாது, அதுதான் பயம். முதல் நாளே கேட்டார்: "ஏனுங்க தம்பி, அசோகரு எத்தன மரம் நட்டாருன்னு மெஷினு உங்களக் கேக்குமுங்களா?" கேங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். சிம்ப்ளக்ஸ் ட்ரயல் ஒழுங்காக முடிந்தால் வேலை கன்ஃபர்மேஷன், இல்லாவிட்டால் ஊருக்குப் போகலாம் என்று பிறகு தனியாகச் சொன்னார். ஊர் என்பது குஜிலியம்பாறைப் பக்கம், மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். வேலை இல்லாமல் திரும்பிப் போனால் என் தம்பி தங்கைகளின் படிப்பையும் அதைக் காரணம் காட்டி நிறுத்திவிடுவார்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

2. கேன்டீனில் ஒரு வாக்குவாதம்

ட்ரயலுக்குப் பத்து நாள் முன்பு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

லின் படித்தது இங்கிலீஷ் இலக்கியம். மெஷின் கம்பெனியில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் தப்பான துறையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்று தெரிந்ததும் நெருக்கமாகிவிட்டோம்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் லிபரல் எஜுகேஷன் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருந்தார். மேற்கத்திய நாடுகளில் அந்தக் காலத்தில் அடிமைக்குத் தொழில் கற்றுக்கொடுப்பார்களாம். யாருக்கும் அடிமையில்லாத மனிதனுக்குத்தான் இந்தப் படிப்பாம். ஒரு வேலைக்கு என்று இல்லாமல், சுயமாக யோசிக்கப் பழக்கும் படிப்பு. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. லின்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

லின் சாம்பாரில் வடையை ஊறவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஆரம்பமே வேறு என்றார். படித்தவன் என்றால் ஆறு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய பழைய வழக்கமாம். மரியாதையாக நடந்துகொள்ளும் முறை, இசை, வில், தேர் ஓட்டுவது, எழுத்து, கணக்கு. மனிதன் எதிலிருந்து விடுதலையாகிறான் என்பதல்ல அங்கே கேள்வி. யாரோடு நிற்கிறான், அவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான். அதனால்தான் மரியாதை முதலில் வருகிறது, கணக்கு கடைசியில் வருகிறது.

வணக்கம் சொல்வதும் வழிவிடுவதும் ஒரு பாடமா, அது வீட்டிலேயே வந்துவிடுமே என்றேன். வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்றார்.

அவர் தன் ஊரைத் தூக்கிப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை வந்ததும் எழுத்து ஒன்றே படிப்பாகிவிட்டது, வில்லும் இசையும் போய்விட்டன என்றார். இப்போது பள்ளிக்கூடங்களில் கணக்கு ஒன்றுதான் மிச்சம் என்றார். அவர் அப்பாவும் ஃபேக்டரித் தொழிலாளி. மகன் எஞ்சினியராகவில்லையே என்று அந்த அப்பா இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "லியூ மட்டும் பழைய ஆள்" என்றார். லியூ கெஸ்ட் ஹவுஸ் சிமெண்ட் தரையில் தினமும் சாயங்காலம் தண்ணீரைத் தொட்டுப் பெரிய தூரிகையால் எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துபோகும். மந்திரம் எழுதுகிறார் என்று எங்கள் வாட்ச்மேன் அந்தப் பக்கமே போவதில்லை.

3. ஒன்றரை மணி நேரம்

சிவப்பு லைட்டுக்குத் திரும்புவோம்.

டிஸ்ப்ளேயில் வந்த எழுத்து சீன எழுத்து. லியூ அதை ஒரு முறை பார்த்தார். மெஷினின் கோடிக்கு நடந்து போய் நின்றார், திரும்பி வந்தார். பிறகு பேனலைத் திறக்கச் சொன்னார். பெல்ட்டைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். எல்லாம் மெதுவாக. நடுநடுவே அதே கோடிக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். என்னைப் பார்ப்பார். நான் லின்னைப் பார்ப்பேன். லின் தரையைப் பார்ப்பார்.

அரை மணி நேரத்தில் முதலாளி குவார்ட்டர்ஸ் பக்கம் போய்விட்டார். மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார். "சீனாச் சாமான் இம்புட்டுத்தானுங்க" என்று சத்தமாகவே சொன்னார். மெஷினை ஏற்றுக்கொள்ளும் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவதில்லை, எஞ்சினியருக்கு வேலை தெரியவில்லை என்று கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பப்போகிறேன், அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

நான் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேலை தெரியாத ஆளின் நடை இப்படி இருக்காது என்று பட்டது. தெரியாதவன் பதறுவான். இவர் காத்திருந்தார். எதற்காக?

எழுந்து போய் லின்னிடம் கேட்டேன். லியூவை ஒரு முறை பார்த்துவிட்டு லின் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தக் குறியை எப்போது எடுக்கலாம் என்று கேட்கிறார். அதற்கு நல்ல நேரம் ஏதாவது உண்டா?"

எந்தக் குறி என்று கேட்டுக்கொண்டே கோடிக்குப் போனேன். சிம்ப்ளக்ஸில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு ஒளிக்கோடு போகும். திரி அறுந்து பஞ்சு பறந்து அந்தக் கோட்டை மறைத்தால் மெஷின் தானாக நின்றுவிடும். ஒளியை வாங்குகிற போட்டோ செல் ஒரு ரூபாய் அளவில் வட்டமான கண்ணாடி. அதன் நட்ட நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

வைத்தவன் நான்தான். மெஷினுக்கு நெற்றி எங்கே என்று தேடி, இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று விரல் நிறைய எடுத்து வைத்திருந்தேன்.

லியூ இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டார். கர்ச்சீப்பால் ஒரு துடை துடைத்திருந்தால் முடிந்தது. ஆனால் வீட்டுக்காரர்கள் சாமிக்கு வைத்ததை விருந்தாளி கையால் அழிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். முதலாளி முன்னால் கேட்டால் வைத்தவனுக்குத் தலைகுனிவு என்று கேட்கவும் இல்லை. எங்களில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று தேவையில்லாத பேனலையெல்லாம் திறந்து எங்களுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிம்ப்ளக்ஸ் ஓட்டுகிற பாண்டியம்மாள் அக்காதான் பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்தவர். அழிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"வச்சாச்சுல்ல, சாமி பாத்துருச்சு. தொடச்சுட்டு வேலயப் பாருங்க தம்பி," என்றவர் லியூவைக் காட்டி, "அந்த மனுசன் இதுக்கா இம்புட்டு நேரம் சுத்திச் சுத்தி வந்தாரு? நான் மாப்ள பாக்க வந்தவரு மாதிரி நிக்கிறாரேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

துடைத்தேன். பச்சை பட்டனை அழுத்தினோம். மெஷின் ஓடியது. நான் பாபின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

4. ஆபீஸ் ரூம்

ஒயரில் ஏதோ லூசாக இருந்தது, சரிசெய்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். லியூ அதற்கும் தலையாட்டியிருப்பார். ஆனால் ஒன்றரை மணி நேரம் வேலை தெரியாத ஆள் என்ற பெயர் அவர்மேல் நின்றுவிடும். என்னைக் காப்பாற்றப் போய் அவர் சேர்த்துக்கொண்ட பெயர் அது.

ஆபீசில் முதலாளியும் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நிறுத்தினது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார்."

"அவரு தெரிஞ்சேதான் சும்மா இருந்தாருங்களா?"

"ஆமாங்க சார். நம்ம மரியாதைக்காக."

முதலாளிதான் முதலில் சிரித்தார். "சந்தனத்த இம்புட்டுக் கெட்டியாக் கரைச்சது நாந்தானப்பா" என்றார். மேனேஜர் சிரிக்கவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போய் லியூவிடம் கை கூப்பினார். நான் மொழிபெயர்க்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். லியூ பதிலுக்குத் தலை தாழ்த்தி ஏதோ சொன்னார். நானும் சீக்கிரம் கேட்டிருக்க வேண்டும், மரியாதை பார்த்து மில்லின் நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்கிறார் என்று லின் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் பார்க்காமல் பேசுகிறோம். அவர் பார்த்தும் பேசாமல் இருந்தார். இரண்டிலும் மெஷின் நின்றுதான் போகிறது.

அடுத்த வாரம் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் மில்லைச் சுற்றிக் காட்டுவதும் என் பொறுப்பு என்று மேனேஜர் கைப்பட எழுதியிருந்தார். அப்போதிலிருந்து நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மெஷினின் டிஸ்ப்ளேயைப் படிக்க ஆறு மாதத்தில் வந்துவிடும், பக்கத்தில் நிற்கிற ஆள் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று படிக்க அதைவிட நாளாகும், இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள்.

ஆர்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எதற்காக வேலையை நிரந்தரம் செய்தார்கள் என்று கேட்டார். தப்பு செய்தவன் நான்தான் என்று ஒத்துக்கொண்டதற்கு என்றேன்.

"இதக் கத்துக்கவா மூணு வருசம் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுன?" என்றார்.

ஆமாம் என்றேன். ஆர்டரை மடித்து என்னிடம் கொடுத்தவர், அடுத்த ஜூனில் என் தங்கையையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.